வியாழக்கிழமை முதல் ஒலிபரப்பு

"கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கம்மா" என்றது இசைத்தட்டுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அப்பாவின் துவைத்த பைஜாமாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லோர்னா முதுகால் கதவைத் தள்ளி நின்றாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. இங்கிலாந்தின் லங்காஷயரில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் ஹெட்போனில் கேட்கும் வானொலி, கீழ்த்தளத்து அறையிலிருந்து கார் நிறுத்துமிடத்தைத் தாண்டிய புதுக் கட்டடத்துக்கு அன்று குடிபோய்க்கொண்டிருந்தது. சுமந்தவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத் தொண்டர்கள்.

அவர்களின் தலைவர் நைஜல் அவளைக் கண்டுகொண்டார்.

"வில்ஃப் எப்படிம்மா இருக்காரு?"

"இன்னைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அடப் பாவமே. அவரு எங்களுக்குத் தூண் மாதிரி" என்றவர் உடனே திரும்பி, "அதைச் சாய்க்காதீங்கப்பா" என்று கத்தினார்.

அவளுடைய அப்பா வில்ஃப் பேருந்து ஓட்டியவர். ஞாயிறு மாலைகளில் மட்டும் அந்த வானொலியில் ஆஸ்பத்திரிக்கே குரலானவர். படுக்கை படுக்கையாகப் போய், என்ன பாட்டு வேண்டுமென்று கேட்பார். யாருடைய பேத்திக்கு என்ன பெயர் என்பதுகூட அவருக்கு அத்துப்படி. வீட்டில் டீ கேட்கத்தான் வாய் திறப்பார்.

அம்மா எட்னா இறந்ததும் இதே ஆஸ்பத்திரியில்தான், ஒரு ஞாயிறு மாலையில். நர்ஸ் இரண்டு தடவை கீழே போன் செய்தாள். அப்பா நிகழ்ச்சியை முடித்துவிட்டுத்தான் வந்தார். "பாதியில விட்டுட்டு வர முடியுமா? எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். ஹெட்போனில் கணவரின் குரல் காதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா போய்விட்டிருந்தாள். அதைப் பற்றி அப்பாவும் மகளும் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. லோர்னா சனிக்கிழமைதோறும் வந்து அவருக்குச் சமைத்துவைத்துவிட்டுப் போனாள்.

மாடியில் அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுத்திருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"யாரு உக்காந்திருக்கா அங்க?" என்றார் எரிச்சலாக. "சத்தமே வரல. இப்படியா வெறுமனே விடுவாங்க?"

"இடம் மாத்திக்கிட்டிருக்காங்கப்பா. இன்னைக்கு எதுவும் வராது."

"எத்தனை பேர் காத்துக்கிட்டிருப்பாங்க. போய்ச் சொல்லு."

அவள் போனாள். ஏன் போனோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கீழ்த்தளத்தில் நைஜல் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு பாட்டு போட முடியுமா? அவருக்காக."

"எல்லாத்தையும் கழட்டியாச்சேம்மா. வியாழக்கிழமை மறுபடி தொடங்குறோம். முதல் ஒலிபரப்பே வில்ஃபுக்குத்தான். ஒரு மணி நேரம் முழுசா."

"வியாழக்கிழமை அவரு இருக்க மாட்டாரு."

"அப்ப அஞ்சலியா செஞ்சிடுவோம்" என்றார் நைஜல், உண்மையான அன்போடு. பிறகு தயங்கி, "ஒண்ணும் நினைச்சுக்காதம்மா, அவரோட நாற்காலிக்கு அங்க இடம் பத்தாது. தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

"போட்டுடுங்க."

திரும்பி வந்தபோது அப்பாவின் விரல் நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின.

லோர்னா கட்டிலருகே இருந்த நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா உங்களைக் கேட்டாப்பா" என்றாள். "பாட்டு கேக்கல. உங்களைக் கேட்டா. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அவ என்னை நீங்கன்னு நினைச்சுக்கிட்டா. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

அப்பா ஹெட்போனை ஒரு காதிலிருந்து மெல்ல விலக்கினார்.

"என்ன சொன்ன?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. இன்னும் சரி பண்ணிக்கிட்டிருக்காங்களாம்."

அவர் தலையை அசைத்து, ஹெட்போனை மறுபடி காதில் பொருத்திக்கொண்டார். அப்படியே சற்று நேரத்தில் மூச்சு நின்றது. நர்ஸ் வந்து நாடி பார்த்தாள், ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள், லோர்னாவின் தோளைத் தொட்டுவிட்டு, கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

சிறிது நேரத்தில் திரை விலகியது. சாப்பாட்டு வண்டிக்காரம்மாவிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"வில்ஃபுக்கு மீனும் பட்டாணியும். தூங்குறாரா?"

"ஆமா. வெச்சுட்டுப் போங்க."

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் லோர்னா காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. தட்டின் மூடியைத் திறந்து பார்த்தாள். முள்கரண்டியை எடுத்தாள். பட்டாணியை அளவுக்கு மேல் வேகவிட்டிருந்தார்கள். ஒன்றுவிடாமல் சாப்பிட்டாள்.