பத்தடிக்குப் பன்னிரண்டடி

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மதுரை கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்புறச் சந்தில், ஒரு வீட்டின் மாடியறையில் இருபத்தாறு பெண்கள் இருந்தார்கள். அறையின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி.

இருபத்தேழாவது ஆள் தமிழ்வாணி. நிக்காஹ் வீட்டில் பெண்கள் பக்கம் படமெடுக்க வந்தவள். முதுகுக்குப் பின்னால் சுவர், இடது தோளில் ஜன்னல் கம்பி. அதற்கு மேல் பின்னால் போக வழியில்லை. பெரிய சென்சார் உள்ள பழைய ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒன்றை வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்கென்று அவளிடம் இருந்தது ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்றுதான். முகத்தை அது நன்றாக எடுக்கும். கூட்டத்தை எடுக்க வேண்டுமானால் நாம் பின்னால் போக வேண்டும். கட்டிலில் மணப்பெண்ணைச் சுற்றி எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தும், மணப்பெண்ணின் பெரியம்மா படத்துக்கு வெளியே நின்றார். அவரை உள்ளே இழுத்தபோது மறுபக்கம் இரண்டு பேர் போனார்கள்.

அதே இடத்திலிருந்து ஒரு பெண் தன் போனில் எடுத்துக் காட்டினாள். எல்லோரும் இருந்தார்கள். பெரியம்மா போனைப் பார்த்தார், பிறகு கேமராவைப் பார்த்தார்.

"இந்தத் துக்கடாப் போன்ல அம்புட்டுப் பேரும் விழுந்துட்டாங்க. இம்புட்டுப் பெரிய கேமராவுக்கு நான் மட்டும் பாரமாப் போனேனாம்மா?"

அறையே சிரித்தது. ஜைத்தூன் பீவி சிரிக்கவில்லை. அந்தத் தெருக்களில் நிக்காஹ் வீடுகளுக்குச் சமையல், மருதாணி, படம் எல்லாவற்றுக்கும் ஆள் பேசிவிடுபவர் அவர்தான். தமிழ்வாணியை அழைத்து வந்தவரும் அவரே.

அந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் பக்கம் எடுத்த படங்கள் வெளியே போகக் கூடாது. எடுத்து முடித்ததும் மெமரி கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் தாயிடம் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். கார்டின் விலையும் கூலியோடு சேர்ந்து வந்துவிடும். ஐந்து வருடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் எடுத்திருந்த தமிழ்வாணியிடம் அதில் ஒரு படம்கூட இல்லை. புதிதாக ஒருவர், எடுத்ததைக் காட்டுங்கள் என்று கேட்டால் காட்ட ஒன்றும் கிடையாது. ஜைத்தூன் பீவியின் வாய்ச்சொல்லில்தான் தொழில் நடந்தது. அது நின்றால், சோழவந்தானில் கணவனின் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் வெட்டும் மேசைக்குத் திரும்ப வேண்டும். கல்யாணமான புதிதில் நான்கு வருடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

படியிறங்கும்போது ஜைத்தூன் பீவி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார். அதே வீட்டின் இரண்டாவது பெண்ணுக்கு ஜனவரி 26-இல் நிக்காஹ் என்றார்.

"அதே ரூம்புதான் வாணி. இடிச்சுக் கட்டப் போறதில்ல. எல்லாரும் ஒரே படத்துல விழணும். விழாதுன்னா இப்பவே சொல்லிரு, நெல்பேட்டையில ஒரு பிள்ள இருக்கு, அதக் கூப்புட்டுக்கிறேன்."

விழும் என்று தமிழ்வாணி சொல்லிவிட்டாள்.

கணவன் பாண்டிராஜிடம் அகலமாக எடுக்கும் வைட் ஜூம் லென்ஸ் ஒன்று இருந்தது. விசேஷ நாட்களில் அது அவனோடு போய்விடும். ஜனவரி 26-இல் அவனுக்கு அலங்காநல்லூரில் ஒரு காதணி விழா ஏற்கெனவே பேசியாகியிருந்தது. மேடைக்கு வைட் இல்லாமல் முடியாது என்றான். அது உண்மைதான். வாடகைக்குக் கேட்ட இரண்டு இடங்களிலும் தை மாத ஞாயிறுகள் எல்லாம் போய்விட்டிருந்தன.

பதினைந்தாயிரத்தை வைத்துக்கொண்டு டிசம்பர் முதல் வாரம் டவுன்ஹால் ரோட்டுக்குப் போனாள். பழைய கேமராக்கள் விற்கும் அசோக்குமார் முதலில் எடுத்துவைத்தது மலிவான வைட் லென்ஸ். அது சின்ன சென்சார் கேமராவுக்கானது. அவளுடைய கேமராவில் பொருந்தவே இல்லை. அடுத்தது பதினாலு எம்எம்; இந்த எண் குறையக் குறையப் படத்தில் அகலம் கூடும். அவளுடைய கேமராவுக்கே உரியது, பெரிய கீறல் இல்லை, பதினாலாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். அதை வைத்துப் பார்த்தால் கடை முழுவதும், அசோக்குமாரின் செருப்பு வரை, உள்ளே வந்தது.

தமிழ்வாணி வாசலுக்கு வந்து எதிரே பூட்டியிருந்த கடையின் ஷட்டரை எடுத்தாள். ஷட்டரின் நேர்க்கோடுகள் நடுவில் புடைத்து, ஓரத்தில் மேலே சுருண்டு, முறுக்கிய மீசைபோல இருந்தன. ஓரத்தில் நின்ற பைக்கின் சக்கரம் முட்டை வடிவத்தில் இருந்தது.

"எல்லா வைடும் கொஞ்சம் வளைக்கும் தங்கச்சி. கம்ப்யூட்டர்ல ஒரு தட்டுத் தட்டுனா நேராயிரும்" என்றார் அசோக்குமார்.

கார்டு தன்னிடம் இருக்காது என்று அவள் விளக்கினாள். கேமராவில் என்ன விழுகிறதோ அதுதான் படம். அசோக்குமார் இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கண்டிஷனோடு லென்ஸ் வாங்க யாரும் வந்ததில்லை என்றார்.

அன்று வீட்டில் பாண்டிராஜுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. பதினாலையே வாங்கச் சொன்னான்.

"குடுக்கறதுக்கு முன்னால பாத்ரூம்ல போயி போன்ல ஏத்தி ஸ்டுடியோவுக்கு அனுப்பு. அங்க சரி பண்ணித் திருப்பி அனுப்புவாங்க, வேற கார்டுல போட்டுக் குடுத்துரு. யாரு கண்டா?"

"சரி பண்றது யாரு? ஸ்டுடியோவுல உக்காந்திருக்க மூணு ஆம்பளைகளுமா? அந்தப் பொம்பளைக முக்காடு இல்லாம உக்காந்திருக்க படம்."

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். அடுத்த ஒன்றரை வாரம் இருவரும் லென்ஸ் பற்றிப் பேசவில்லை. நெல்பேட்டைப் பெண்ணிடம் என்ன லென்ஸ் இருக்கும் என்று மட்டும் தமிழ்வாணி யோசித்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் நவம்பரில் அந்தப் பெண் எடுத்துக் காட்டிய போன் நினைவுக்கு வந்தது. பின்பக்கம் ஒரே கண் உள்ள பழைய மாடல். வைட் என்று தனியாக எதுவும் அதில் கிடையாது. அதிலேயே எல்லோரும் விழுந்தார்கள் என்றால், அந்த அறைக்குப் பதினாலு தேவையில்லை. மறுநாள் அதே மாதிரிப் போன் ஒன்றைத் தங்கையிடம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அசோக்குமார் கடை வாசலில் நின்று போனில் ஒரு படம் எடுத்தாள். கண்ணாடி அலமாரியில் எந்தக் கேமராவிலிருந்து எந்தக் கேமராவரை விழுகிறது என்று குறித்துக்கொண்டு, அதே இடத்திலிருந்து ஒவ்வொரு லென்ஸாக மாட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்தில் இரண்டு பக்கமும் குறைந்தது. இருபத்தெட்டில் ஒரு பக்கம். ஃபிலிம் காலத்து இருபத்துநாலு எம்எம் ஒன்று சரியாகப் பொருந்தியது. எதிர்க்கடை ஷட்டரின் கோடுகள் ஓரத்தில் மட்டும் லேசாக வளைந்தன. டார்ச் அடித்துப் பார்த்ததில் உள்ளே பூஞ்சை இல்லை, தூசி இருந்தது. பத்தாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

ஜனவரி 26 காலை அவள் மாடியேறியபோது, நவம்பரில் அவள் நின்ற இடத்தில் ஒரு புதிய இரும்பு பீரோ நின்றது. பக்கத்தில் டிரஸ்ஸிங் டேபிள். மணப்பெண்ணுக்கான சீர். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அறை பத்தடிக்குப் பத்தடி ஆகியிருந்தது. படத்தில் விழ வேண்டிய பெண்கள் முப்பத்தொரு பேர்.

பீரோவில் முதுகை ஒட்டி நின்று பார்த்தாள். இடது ஓரத்தில் பெரியம்மா பாதிதான் இருந்தார். பீரோவை நகர்த்த முடியுமா என்று கேட்டாள். நான்கு பேர் தூக்கி வந்தது, இப்போது ஆண்களை இங்கே எப்படிக் கூப்பிடுவது என்றார் மணப்பெண்ணின் தாய். பெரியம்மா தமிழ்வாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜைத்தூன் பீவி கதவோரம் நின்றார்.

தமிழ்வாணி சாவி கேட்டாள்.

பீரோவின் ஒரு பாதி தட்டுகள், மறுபாதி துணி மாட்ட விட்ட காலியிடம். இரண்டு கதவையும் அகலத் திறந்து, காலியிடத்துக்குள் பின்பக்கமாக ஏறினாள். ஹேங்கர் கம்பி பிடரியில் அழுத்தியது. நிமிர முடியவில்லை. முழங்கை இரண்டும் தகரத்தில் இடித்தன. ஒரு கதவு டேபிளில் முட்டித் திரும்பி வந்தது; ஜைத்தூன் பீவி வந்து அதைப் பிடித்துக்கொண்டார். உள்ளே புதுப் பெயின்ட் நாற்றத்தில் கண் எரிந்தது.

"சீரோட சேத்து இவங்களையும் மாப்ள வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா?" என்றது ஒரு குரல்.

எல்லோரும் சிரித்த நேரத்தில் ஆறு படங்கள் எடுத்தாள்.

ஜைத்தூன் பீவி கேமராவின் சின்னத் திரையில் நகத்தை வைத்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். முப்பத்தொன்று இருந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

"உள்ள வந்துட்டேன். ஆனா ரெண்டாளு அகலத்துக்கு வந்திருக்கேனே."

"இருக்குறதுதான விழுகும்" என்றார் ஜைத்தூன் பீவி.

மதியம் ஒன்றேமுக்காலுக்குத் தமிழ்வாணி கார்டைக் கழற்றிக் கொடுத்தாள். மணப்பெண்ணின் தாய் அதைக் கைக்குட்டையில் சுற்றி, அதே பீரோவின் லாக்கரில் வைத்துப் பூட்டினார். படம் எப்படி வந்தது என்று இரவில் பாண்டிராஜ் கேட்டான். வந்தது என்றாள்.

பிப்ரவரி 6-ஆம் தேதி ஜைத்தூன் பீவி போன் செய்தார். 16-ஆம் தேதி ஒரு வீடு இருக்கிறது என்றார். தமிழ்வாணி அறையின் அளவைக் கேட்டாள். எட்டடிக்குப் பத்தடி என்றார். வருவதாகச் சொன்னாள்.