சூரை வயிற்றுக் காசு

மீன் சந்தையில் கலந்தர் வெட்டிய சூரை மீன்களின் வயிற்றிலிருந்து, ஒன்பது நாட்களாக, காலைக்கு ஒன்று வீதம் பெரிய வெள்ளிக்காசு விழுந்தது. அப்போதுதான் அடித்ததுபோல் சூடாக இருந்தது. மருதமுனையே சந்தைக்கு ஓடி வந்ததில் சூரை கிலோ ஆயிரத்து இருநூறுக்கு ஏறியது. மற்றவர்களும் வெட்டிப் பார்த்தார்கள், குடல்தான் வந்தது. காசில் கன்னம் பருத்த ஒரு பெண், 1780 என்ற வருடம். கல்முனை நகைக்கடைப் பவிதரன் உருட்டிப் பார்த்துச் சொன்னான்: "ஆஸ்திரியா ராணி, காக்கா. அந்த வருசமே மனிசி செத்திட்டா. அதுக்குப் பிறகும் அவட பேரிலதான் அடிச்சாங்க. அரபு நாடெல்லாம் வாங்கினது."

கலந்தருக்கு இது பெரிய புதினமாகப் படவில்லை. அவரும் மௌத்தானவர்தான். சுனாமியில் யாரோ ஒருவரின் உடலோடு கலந்தரின் அடையாள அட்டையும் ஒதுங்க, அந்த மனிதரை இவர் பேரில் அடக்கி, மரணச் சான்றிதழும் எழுதிவிட்டார்கள். எட்டாம் நாள் கலந்தர் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்தார். சான்றிதழை மாற்ற மனம் வரவில்லை. பேரைத் திருப்பி எடுத்தால் அந்த மனிதர் பேரில்லாமல் படுக்க வேண்டும். மௌத்துக்குப் பிறகு கலந்தருக்குத் தொந்தி வைத்தது, சீனி வருத்தம் வந்தது, இரண்டாம் வருடம் மகள் றிப்னாவும் பிறந்தாள். மனைவி ஆசியா உம்மாவை ஊர் ஒரு சொல் சொல்லவில்லை.

வில்லங்கம் றிப்னாவின் நிக்காஹ்வில் வந்தது. செவ்வாய்க்கிழமை பதிவாளர் றிம்சான் கடதாசிகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "மௌத்தானவர் பொறுப்பாளியா, வலியா நிண்டு மகளைக் கட்டிக்குடுக்க ஏலாது, காக்கா. சான்றிதழ ரத்துப் பண்ணுங்க. இல்லாட்டி ஒங்கட தம்பி ஜவாத் ஒப்பம் வைக்கட்டும்."

"ரத்துப் பண்ணினா அங்க படுத்திருக்கிறவர் யாரு, தம்பி?" என்று கேட்டார் கலந்தர்.

றிப்னா ஒன்பது காசையும் மேசையில் கொட்டினாள். "செத்த ராணிட காசை உலகமே வாங்கினதாம். வாப்பா வெட்டின மீனை நீங்களும் வாங்கித் தின்னுறீங்க. அவர்ர ஒப்பம் மட்டும் செல்லாதோ?"

றிம்சான் ஒன்றைத் தொட்டு, சூட்டில் விரலை உதறினார். "மீன் நல்லாத்தான் இருந்திச்சு" என்று முனகியபடி, இறந்தவர் பேருக்கு முன்னால் போடும் சொல்லையும் விடாமல், புத்தகத்தில் எழுதினார்: வலி, மர்ஹூம் கலந்தர், தந்தை. வெள்ளிக்கிழமை மர்ஹூம் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதை மூன்று தரம் பிழையாகச் சொல்லி, நாலாம் தரம் சரியாகச் சொல்லி, ஒப்பம் வைத்தார்.

செவ்வாயோடு நின்றுபோன காசு சனிக்கிழமை சூரையில் மறுபடி விழுந்தது, ஆனால் ராணி இல்லை. காசில் கலந்தர் என்ற பேர், 2004 என்ற வருடம், சுருட்டை முடியோடு மெலிந்த இளைஞன் ஒருவனின் முகம்.

"இது ஒங்கட மூக்கில்லியே" என்றாள் ஆசியா உம்மா.

"ஓம். என்னை விட வடிவு."

கலந்தர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு மையவாடிக்கு, தன் பேரில் அடக்கிய மனிதரின் குழியடிக்குப் போனார். ஸலாம் சொல்லி, காசைக் கையில் வைத்து, இத்தனை வருடம் பார்க்காத முகத்தைப் பார்த்துப் பகல்வரை கதைத்துக்கொண்டிருந்தார். அன்று சூரை நூறு ரூபாய் இறங்கியது.