நல்லா இருக்கேன் சார்

"ஒன்று, இரண்டு, மூன்று" என்று தனக்குத்தானே எண்ணிவிட்டு அவள் தூக்கினாள். கணவனின் கக்கத்துக்கு அடியில் இரு கைகளையும் கொடுத்து, வலது முழங்காலைக் கட்டில் விளிம்பில் முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. அறுபத்தெட்டு கிலோ. இடுப்பில் பழைய வலி சுருக்கென்று குத்தியது. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

தெருவில் எல்லோரும் அவனைச் சிப்பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லைக் காவலில் கண்ணிவெடி வெடித்துக் கழுத்தெலும்பு நொறுங்கி ஒன்பது வருஷமாகிறது. தோளிலிருந்து கைகளை உயர்த்துவான், விரல்களில் பிடிப்பு கிடையாது. மார்புக்குக் கீழே சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. அவள் தையல் பாக்டரியில் வேலை பார்த்தவள். இப்போது எந்தப் படிவத்தில் எழுதினாலும் 'வேலை: இல்லை' என்றுதான் எழுதிக்கொள்கிறார்கள்.

வேலை இல்லாதவளின் காலை இப்படிப் போனது. சிறுநீர்ப் பையைக் காலி செய்து, அளவு பார்த்து, குழாயைக் கழுவினாள். கையுறை மாட்டி மலம் எடுத்தாள். வெந்நீர்த் துணியால் முதுகைத் துடைத்து, விளக்கைக் கிட்டே பிடித்து எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று தேடினாள். சிவப்பைக் கவனிக்காமல் விட்டால் புண்ணாகும், புண் எலும்பு வரை அரிக்கும். அதற்காகத்தான் இரண்டு மணிக்கொரு தரம் அவனைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு புண் வந்ததில்லை. விறைத்துக்கொண்ட கால்களை மடக்கி நீட்டும்போது அவை துள்ளி அவள் தாடையில் இடித்தன.

"அடி பலமா?" என்றான்.

"உங்க கால் இன்னும் சண்டையை விடல. நீங்கதான் ரிட்டயர்டு" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

அன்று வழக்கத்தைவிட வேலை அதிகம். குடும்பப் பராமரிப்பாளர் உதவித்தொகையைத் தொடரலாமா என்று பார்க்க, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார். அவள் அறையைப் பினாயில் போட்டுத் துடைத்தாள். அவனுக்குச் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டையைப் போட்டாள். மூத்திரப் பையைப் போர்வைக்குள் மறைத்தாள். அவன் முன்னால் சாய்ந்து விழாமலிருக்க நாற்காலியோடு சேர்த்து மார்பில் கட்டும் பட்டையை, அவளே தைத்ததை, சட்டைக்கு உள்ளே கட்டினாள். வெளியே கட்டினால் மனுஷனைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். வீட்டுக்கு ஒருவர் வருகிற நேரத்தில் புருஷனை அந்தக் கோலத்தில் உட்கார வைக்க எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்?

மதிப்பீட்டாளர் பதினொரு மணிக்கு வந்தார். சின்ன வயசு, கையில் டேப்லெட். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

கேட்பவர் அதிகாரி. பதினாலு வருஷம் பட்டாளத்தில் ஊறியவனுக்கு வாயில் வேறு பதில் வருமா? சிப்பாய் கையை உயர்த்தி சல்யூட் அடித்தான். "நல்லா இருக்கேன் சார்!"

கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 'பயனாளி சுத்தமாகவும் நல்ல நிலையிலும் உள்ளார். ஆதாரமின்றி உட்காருகிறார். கைகள் இயங்குகின்றன. படுக்கைப் புண் இல்லை. நலமாக இருப்பதாக அவரே தெரிவித்தார். தொடர் பராமரிப்பு தேவையில்லை. அடுத்த மாதம் முதல் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது.'

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். ஒன்பது வருஷம் அவள் முதுகொடியச் செய்த வேலையை, அதை ஒழுங்காகச் செய்தாள் என்ற ஒரே காரணத்துக்காக, இல்லை என்று எழுதிவிட்டார்கள். இனி அவள் பாக்டரிக்குப் போகவேண்டும். பகல் முழுக்க அவனை யார் புரட்டுவது? அரசாங்க விடுதியில் சேர்க்கலாம். அவன் கூட்டாளி ஒருவனை அப்படித்தான் சேர்த்தார்கள். நாலே மாதத்தில் முதுகுப் புண் புழுத்துச் செத்தான்.

நல அலுவலகக் கூடத்தில் மேல்முறையீடு செய்ய வந்தவர்கள் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. மகனுக்குக் குண்டு வெடித்து இரண்டு கண்ணும் போனதால் பள்ளிக்கூட வேலையை விட்டவர். எதிரே லாரிக்காரர் ஒருவர். சண்டையிலிருந்து திரும்பிய தம்பி சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குகிறான் என்று லாரியை விற்றுவிட்டு வீட்டோடு இருப்பவர்.

மூவரும் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றிலும் 'சுத்தமாகவும் நல்ல நிலையிலும்' இருந்தது.

"அவங்க வர்றதுக்கு முன்னாடி நீங்க என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டார் டீச்சரம்மா.

அவள் மார்புப் பட்டையைச் சொன்னாள். டீச்சரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் ரெண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். கட்டில்லேருந்து வாசலுக்குப் பன்னெண்டு அடி. எண்ணி எண்ணி நடக்கச் சொல்லிக் குடுத்தேன். அவன் போய்க் கதவையே திறந்து விட்டுட்டான். 'தானாக நடமாடுகிறார்'னு எழுதிட்டாங்க."

"நான் மட்டும் என்ன கெட்டிக்காரனா?" என்றார் லாரிக்காரர். "தெருவில வீடு வீடாப் போய் ஒரு மணி நேரம் மிக்சி போடாதீங்கன்னு கெஞ்சினேன். தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். 'அமைதியானவர்'னு போட்டிருக்காங்க!"

சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும். பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "நானும் அதேதான் பண்ணேன்" என்றாள். கூடம் முழுக்க அதே கதைதான். ஆளாளுக்கு வீட்டு மானத்தைக் காப்பாற்றப் போய் அரசாங்கத்தின் செலவை மிச்சம் பண்ணிக் கொடுத்திருந்தார்கள்.

பிரிவு அதிகாரி மூவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். கோப்பிலிருந்து தலையை எடுக்காமல் பேசினார்.

"ஆள் சுத்தமா இருக்காரு. ஒரு புண் கூட இல்ல. அப்புறம் எதுக்கும்மா உதவி?"

"ஏன் சார் புண் இல்ல? அதை எழுத ஒரு கட்டம் இருக்கா உங்க பாரத்துல?"

"வேற கட்டம் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்ல."

"புண் வரட்டும்னு விட்டிருந்தா குடுத்திருப்பீங்க, இல்ல?"

அவர் பேனாவை மூடினார். "கட்டின புருஷனைப் பார்த்துக்கறது கடமைம்மா. கடமைக்கு யாராவது சம்பளம் கேட்பாங்களா?"

"இந்த நாற்காலியில உட்கார்றது உங்க கடமை சார். நீங்க ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்காமலா இருக்கீங்க?"

லாரிக்காரர் பக்கென்று சிரித்துவிட்டார். அதிகாரிக்கு முகம் சிவந்தது.

"விடியக்காலை அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக்கு வந்து பாருங்க" என்றாள் அவள். "அப்புறம் எழுதுங்க."

"ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும்."

"சரி" என்றார் டீச்சரம்மா, வகுப்பில் பேசுகிற குரலில். "திங்கட்கிழமை பத்து மணிக்கு, எங்க விடியக்காலையை இங்கேயே கொண்டு வர்றோம்."

வெளியே வந்து எல்லோரும் கூடிப் பேசினார்கள். யார் வண்டி தருவது, யார் எந்த வீட்டிலிருந்து தூக்குவது என்று முடிவாயிற்று. "அவங்க சம்மதிக்கணும்" என்றாள் அவள். "உடம்பு அவங்களோடது."

வீட்டில் சொன்னபோது சிப்பாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அத்தனை பேர் முன்னாடி என் மலத்தை எடுப்பியா?"

"திரை தைக்கிறேன். நாலு பக்கமும் பிடிப்பாங்க. அந்த அதிகாரியை மட்டும்தான் உள்ளே கூப்பிடுவேன். வேண்டாம்னா வேண்டாம்."

அவள் சாப்பாடு ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டு அவள் எழுந்தபோது சொன்னான்: "நல்லா இருக்கேன்னு சொன்னது நான். உன்னோட ஒன்பது வருஷத்தை ஒரே சல்யூட்டுல அழிச்சது நான். அதை நானே போய்த்தான் மாத்திச் சொல்லணும். திரையைக் கொஞ்சம் உசரமாத் தை."

திங்கட்கிழமை பத்து மணிக்கு அலுவலகக் கூடத்தில் படைவீரர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள், நாற்காலிகளிலும் தரையில் விரித்த மெத்தைகளிலும். யாருக்கும் சவரம் செய்யவில்லை. அவள் கணவனின் மார்புப் பட்டை சட்டைக்கு மேலே கட்டியிருந்தது. காவலாளி ஓடிவந்து, பார்த்து, தொப்பியைக் கழற்றி ஓரமாக நின்றுகொண்டார். டீச்சரம்மாவின் மகன் அறிமுகமில்லாத கூடத்தில் மூன்றடி நடந்து தூணில் மோதினான். அம்மா பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

படுக்கை விரிப்புகளை இணைத்துத் தைத்த திரையை நாலு மூலையிலும் நாலு பேர் உயர்த்திப் பிடித்தார்கள். சத்தம் கேட்டு வந்த பிரிவு அதிகாரியை அவள் உள்ளே கூப்பிட்டாள்.

"வாங்க சார். ஆபீஸ் நேரம்தானே?"

அவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். அவள் பட்டையை அவிழ்த்தாள். சிப்பாயின் உடல் அப்படியே முன்னால் சரிந்தது. அதிகாரி பதறிப்போய்த் தோளைப் பிடித்தார். தாங்க முடியாமல் அவர் முழங்கால் மடங்கியது. அவள் கைகொடுத்து நிமிர்த்தினாள். என்ன பேசுவது என்று தெரியாமல், பழக்கத்தில், அவர் கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

சிப்பாயின் வலது கை நெற்றியை நோக்கிப் பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது. மெல்ல மடிக்குத் திரும்பியது.

"நல்லா இல்ல சார்" என்றான். மறுபடி உரக்கச் சொன்னான். "நான் நல்லா இல்ல. என் பொண்டாட்டி இல்லைன்னா நான் செத்து ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். இதை எழுதுங்க சார்."

திரைக்கு வெளியே டீச்சரம்மாவின் மகன் குரல் கேட்டது. "நானும் நல்லா இல்ல சார்." பிறகு இன்னொருவன். லாரிக்காரரின் தம்பி காதைப் பொத்திக்கொண்டு அண்ணன் தோளில் முகம் புதைத்தபடியே அதைச் சொன்னான்.

அதிகாரி வெளியே போய்த் தொலைபேசியில் யாரிடமோ மெதுவாகப் பேசினார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். நாள் ஆகும் என்றார். இப்போது கலைந்து போகச் சொன்னார்.

"பதில் எழுத்துல வரட்டும்" என்றார் லாரிக்காரர். "அதுவரைக்கும் எங்க வேலையை இங்கேயே பார்க்கிறோம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. சிப்பாயை மெத்தையில் படுக்க வைத்தார்கள். மணி பன்னிரண்டு அடித்தது, அவனைப் புரட்டும் நேரம். அவள் முழங்காலை மெத்தையின் விளிம்பில் ஊன்றினாள். அவள் குனிவதற்குள் லாரிக்காரர் தோள் பக்கம் வந்துவிட்டார். டீச்சரம்மா கால்களைப் பிடித்தார். பின் வரிசைப் பெண் இடுப்புக்கடியில் கை கொடுத்தாள். சிப்பாயின் மனைவிக்குக் கைகளில் பாரமே ஏறவில்லை.

"எண்ணும்மா" என்றார் டீச்சரம்மா.

அவள் வாயைத் திறப்பதற்குள் கூடமே சேர்ந்து எண்ணியது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு!"