11.20 முதல் 11.24 வரை

என்னோடு பயிற்சி எடுப்பவளுக்கு நான் வைத்த பெயர் ரெடிமேட். அவள் அம்மா மனநல மருத்துவர், அப்பா பேராசிரியர். சாப்பாட்டு மேஜையிலேயே பாதிப் படிப்பு முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அம்மா தையல் கம்பெனியில் காலர் தைக்கிறாள்.

உளவியலாளர் லைசென்ஸுக்கு இரண்டாயிரம் மணி நேரப் பயிற்சி. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மேற்பார்வையாளர் கையெழுத்து. இதைச் சொன்னபோது அம்மா, "உனக்கும் சூப்பர்வைசரா? அப்புறம் எதுக்குடி அவ்வளவு படிச்ச?" என்றாள்.

அதில் நானூறு மணி நேரம், சிகிச்சைக்கு வருபவர் எதிரில் நாமே உட்கார்ந்து பேசியதாக இருக்க வேண்டும். எனக்குப் பதினாறு குறைந்தது. இரண்டு மாதத்தில் முடிக்காவிட்டால் இன்னும் ஆறு மாதம். ரெடிமேடுக்கு ஐந்துதான் பாக்கி.

"புதுசா ஒருத்தர் வர்றார். வாரம் ரெண்டு தடவை, எட்டு வாரம்," என்றார் மேற்பார்வையாளர் மேடம். "வாயே திறக்கமாட்டாராம். மௌனத்தைப் பொறுத்துக்கிற ஆள் வேணும். வியாழக்கிழமை நோட்டைப் பாத்துட்டு யாருக்குன்னு சொல்றேன்."

எங்களில் ஒருத்தி உள்ளே வந்தவரோடு பேசுவாள், மற்றவள் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நிமிடம் போட்டு எழுதுவாள். அதுதான் நோட்டு. கவனிக்கப்பட்டவள் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மேடம் போடுவார். என்னைப் பற்றிப் போன வாரம் அவள் எழுதியிருந்தாள்: வந்தவர் மௌனமானதும் இரண்டு முறை இவளே புகுந்து பேசினாள். பொய்யில்லை. அதுதான் ஆத்திரம்.

இந்த வியாழன் அவள் முறை. எதிரே ஒரு பஸ் டிரைவர். அவர் வண்டியில் ஒரு குழந்தை அடிபட்டு மூன்று மாதம். ரெடிமேட் அவரை இடைமறித்தாள், கடிகாரம் பார்த்தாள், பேனாவைக் கீழே போட்டாள். நான் ஒன்றுவிடாமல் எழுதினேன்.

11.20க்கு, "அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். அவர் வாட்ச் பட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவளும் வாயைத் திறக்கவில்லை. நானாக இருந்தால் இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பேன். நாலு நிமிடம். அப்புறம் அவர் சொன்னார்: "என் பையன் செருப்பு வாசல்ல கெடந்துச்சு. அதைத் தாண்டி உள்ள போக முடியல."

என் பேனா நின்றிருந்தது. அதை எழுதிக்கொடுக்க மனம் வரவில்லை. 11.20, கேள்வி. 11.24, பதில். நடுவில் ஒன்றும் எழுதவில்லை.

மேடம் அறை வாசலில் ரெடிமேட் நோட்டைப் படித்தாள். பதினோரு குறைகள். முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"தேங்க்ஸ்டி," என்றாள்.

"எதுக்கு?"

"அந்த நாலு நிமிஷத்தை எழுதாம விட்டதுக்கு. அடுத்து என்ன கேக்கறதுன்னே தெரியல, மாட்டிக்கிட்டேன். மேடத்துக்குத் தெரிஞ்சிருந்தா மானம் போயிருக்கும்."

தான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. சாப்பாட்டு மேஜையில் இதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. பொறாமையில் விட்டதற்கு நன்றி வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உன்மேல பாவப்பட்டு விடலடி. குடு அதை."

சுவரில் வைத்து எழுதினேன்: 11.20 முதல் 11.24 வரை இவள் பேசவில்லை. அதனால் அவர் பேசினார்.

அவள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது நல்லதா?"

"கையெழுத்தைப் போடு."

மேடம் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "புது ஆள் இவளுக்கு," என்றார். என் பக்கம் திரும்பி, "நீ கண்ணாடிக்குப் பின்னால," என்றார்.

சாயங்காலம் அம்மா ஊசி குத்திய விரலைச் சப்பிக்கொண்டே கேட்டாள்: "இன்னைக்கு எத்தனை மணி நேரம் சேர்ந்துச்சு?"

"ஒண்ணு. அதுவும் பாத்ததுக்கு."

"பாக்கறதுக்கெல்லாமா கையெழுத்துப் போடறாங்க?"

"ஆமா," என்றேன். "எட்டு வாரம் பாக்கணும்."