மாப்பிள்ளை அறையும் என் லேப்டாப்பும்

வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு என்னை எடுத்த சென்னைக் கம்பெனி கேட்டது இரண்டுதான். திங்கட்கிழமை பயிற்சி தொடங்கும்போது லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளம் இருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறையும் இருக்க வேண்டும். முதலாவதை மட்டும் வீட்டில் சொன்னேன். இரண்டாவதைச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் கதவுள்ள அறை ஒன்றுதான். அது மாப்பிள்ளை அறை. எங்கள் வழக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், அவருக்கென்று ஓர் அறை ஒதுக்கியாக வேண்டும். என் கணவர் கபீர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் என்னைப் பெற்ற உம்மா அந்த அறையைப் பெருக்கித் துடைத்துப் பூட்டி வைப்பாள். நான் கூடத்தில் டிவிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே உட்கார்ந்து அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பேன்.

உம்மாவின் மரியாதைக்கு அளவே கிடையாது. கல்யாணமாகி இவ்வளவு நாளாகியும் மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவோரம் நின்று, மாப்பிள்ளைக்கு இன்னொரு புரோட்டா வேணுமா கேளு என்பாள். அவர் எதிரிலேயே இருப்பார். நான் கேட்பேன், அவர் என்னிடம் சொல்வார்.

கபீர் லீவில் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தேன். பத்திரிகை மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், அதை அழிக்க முடியாது. அதைக் கொஞ்சம் ஒடுக்கி, மீந்த இடத்தில் லினக்ஸைக் குடிவைக்க வேண்டும். டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. ஆனால் விண்டோஸ் தம்மாத்தூண்டு இடம்தான் விட்டுத் தருவேன் என்றது. காரணம் தேடினால், கடைசி மூலையில் ஏதோ ஒரு கோப்பு நகராமல் உட்கார்ந்திருந்ததாம். சும்மா கிடக்கும் இடத்தை அடைத்துக்கொள்கிற புத்தி எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இருந்த ஒரே பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பி, டிஸ்க்கை ஒடுக்கும் வேலையைத் தொடங்கினேன். அதனால் பத்திரிகைகளை வேறெங்கும் எடுத்து வைக்க வழியில்லை. நடுவில் அணைந்தால் எல்லாம் போய்விடலாம் என்று எச்சரிக்கை வந்தது. திரையில் நீலப்பட்டை ஆமை வேகத்தில் நகர்ந்தது. கபீரைக் காவல் வைத்துவிட்டு, தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்யப் போனேன்.

அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு ஒலித்தது. கபீர் தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். பாங்கு கேட்டதும் வீட்டில் எந்தத் திரையும் எரியக் கூடாது என்பது உம்மாவின் சட்டம். டிவியை அணைத்தாள். லேப்டாப்பையும் பொத்தென்று மூடினாள்.

நான் வந்து பார்த்தபோது லேப்டாப் மூடிக் கிடந்தது. திறந்தேன், திரை இருட்டாக இருந்தது. அடுத்த வாரம் அச்சேற வேண்டிய பத்திரிகைகள், நாளைய வேலை, எல்லாம் அதற்குள். உம்மாவைப் பார்த்துக் கத்த வந்த வாயை அடக்கிக்கொண்டேன். பவர் பட்டனை மெல்ல அழுத்தினேன்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெளிச்சம் வந்தது. நீலப்பட்டை விட்ட இடத்திலேயே நின்றது. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல நகர ஆரம்பித்தது. மூடியதும் லேப்டாப் தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், விண்டோஸ் தன் பாதியில் பத்திரமாக இருந்தது. மறுபாதியில் லினக்ஸ் ஏறத் தொடங்கியது.

கபீர் திரும்பியதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். காவலும் நீங்களும் என்று ஆரம்பித்து, எனக்கென்று ஒரு கதவு இருந்தால் இப்படி ஆகுமா, கம்பெனியும் அதைத்தானே கேட்கிறது என்று கோபத்தில் எல்லாம் கொட்டிவிட்டது. கொட்டிய பிறகுதான் அடுக்களை வாசலில் உம்மா நிற்பதைப் பார்த்தேன்.

“மாப்பிள்ளை ரூம்புல ஆபீஸ் வச்சா ஊரு என்னா சொல்லும்னு கேளு” என்றாள் உம்மா.

நான் கேட்கவில்லை. கபீர் லேப்டாப்பைக் காட்டினார்.

“பாதிய விட்டுக் குடுத்ததுல விண்டோஸ் ஒண்ணும் கொறஞ்சு போயிடலல்ல? வருஷத்துல ஒரு மாசம் இருக்கறவனுக்குப் பாதி ரூம்பு போதும்னு மாமிகிட்ட சொல்லு.”

அதையும் நான் சொல்லவில்லை. உம்மா முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்து அறையைத் திறந்தாள். கட்டிலையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். லேப்டாப்பை மூடிய குற்ற உணர்வோ, மகள் சம்பாதிக்கப் போகிற பெருமையோ, அது அவளுக்குத்தான் தெரியும். கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“செவுத்தோரமாத் தள்ளணும். அந்தப் பக்கம் புடிங்க மாப்பிள்ளை.”

பழக்க தோஷத்தில் கபீர் என் முகத்தைப் பார்த்தார், நான் சொல்லட்டும் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. மனுஷர் ஓடிப்போய்க் கட்டிலைப் பிடித்தார்.