முட்டுச்சந்துக்குள் உறுமி

வெள்ள ஒத்திகைக்கு உறுமி மேளம் அடிக்கலாம் என்று சொன்னது நான்தான். அன்றைக்கு நடந்த கூத்தைச் சொல்லி எங்கள் தாமான் குடியிருப்பில் இன்றுவரை என்னைக் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். என் யோசனையில் ஒரு குறையும் இல்லை.

வேறு என்னதான் செய்வது? வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தால் போதும் என்றார் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ராதாகிருஷ்ணன். அந்தக் குழுவில் விடிந்தால் போதும், ரோஜாப்பூவும் காப்பிக் கோப்பையுமாகக் காலை வணக்கம் வந்து குவியும். பாதிப் பேர் அதன் சத்தத்தையே அணைத்து வைத்திருக்கிறார்கள். கோயில் ஒலிபெருக்கிக்குக் கரண்ட் வேண்டும். எங்கள் ஊர் கிள்ளானில் மழை வலுத்தால் முதலில் போவதே கரண்ட்தான். கரண்டும் நெட்டும் இல்லாமல் மூன்று ரோடு தாண்டிக் கேட்கிற சத்தம் எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அது விஜயனின் உறுமிக் குழு. விஜயன் வார நாளில் லோரி ஓட்டுவான், திருவிழா வந்தால் சாமி ரதத்துக்கு முன்னால் உறுமியைத் தோளில் மாட்டிக்கொள்வான்.

"உறுமி கேட்டா வெள்ளம்னு அர்த்தம். பையைத் தூக்கிக்கிட்டு நேரா தமிழ்ப்பள்ளி மாடிக்கு வந்துடணும்," என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். குழுவில் கட்டைவிரல் படம் வேறு போட்டார்கள்.

அந்த ஒத்திகை ஜெயித்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. காரணம் என் வீட்டுக்காரர் கமலநாதன்.

துறைமுகத்தில் வேலை செய்தபோது லோரி இடித்து அவருக்குக் கால் போனது போல ஆகிவிட்டது. போன வெள்ளம் வந்தபோது காலில் மாவுக்கட்டு. நான் மேருவில், வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டேன். நான் எப்படியோ வந்து அவரைக் கூட்டிப் போயிருப்பேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப் போயிருப்பார் என்று எதிர்வீட்டுக்காரர் நினைத்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் நினைத்தார்கள், அவ்வளவுதான். இவர் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, தண்ணீர் மேடை விளிம்பைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டு, மறுநாள் படகு வரும்வரை தனியாக இருந்தார்.

அதைப் பற்றி அவர் சொல்வது இரண்டே வார்த்தை. "யாரும் வரல." கோபமாகச் சொன்னாலாவது சண்டை போடலாம். பேருந்து வரவில்லை என்பது போலச் சொல்வார். எனக்கு அதுதான் தாங்காது.

அப்புறம் ரவாங் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அவருடைய தம்பி வாசு அங்கே மேட்டில் வீடு வாங்கியிருக்கிறார், பக்கத்திலேயே ஒரு வீடு விலைக்கு வருகிறதாம். எங்கள் வீட்டை விற்க ஏஜென்ட்டும் பிடித்தாகிவிட்டது. கடைசியில் நான் ஒரு பந்தயம் வைத்தேன்.

"ஒத்திகையில ஒரு ஆள்கூட விட்டுப்போகாம எல்லாரும் மாடிக்கு வந்துட்டா நாம இங்கதான். ஒரு ஆள் விட்டுப்போனாலும் ரவாங். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றதில் அவருக்கே ஆசை வந்திருக்க வேண்டும். "சரி லா," என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் விஜயன் வளைந்த குச்சியை உறுமியில் வைத்துத் தேய்த்தான். அந்த உறுமல் அடிவயிற்றில் கிளம்பி நெஞ்சுக்கு ஏறியது. நான் பள்ளி வாசலில் நின்று காத்திருந்தேன். ஒருவரையும் காணோம். மேளம் பலமாகக் கேட்கிறது, ரோட்டில் ஆள் சத்தமும் கேட்கிறது, ஆனால் பள்ளிப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. பொறுக்க முடியாமல் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

எல்லாரும் அவரவர் வாசலில் நின்றார்கள். குடத்தில் மஞ்சள் தண்ணீர், அதில் வேப்பிலை. தட்டில் தேங்காய், கற்பூரம். சீனரான லிம் அங்கிள் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருக்கும் தன் அக்காவையும் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். மலாய்க்கார அக்கா கக் ரொஹானா, ரதம் வரும் நாளில் செய்வது போலவே, காரை எடுத்து அடுத்த ரோட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். நடுரோட்டில் நல்லம்மாள் அக்கா தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். நல்லம்மாள் அக்காவைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். ஒரு திருவிழாவில் ரதம் அவர் வாசலில் நிற்காமல் நகர்ந்துவிட்டது. குறுக்கே போய் நின்று, ரதத்தையே பின்னால் தள்ளிக்கொண்டு வர வைத்தவர் அவர்.

"மாதவி, சாமி எங்க?" என்றார்.

"சாமி இல்லக்கா. வெள்ளம்."

"வெள்ளம் எங்க?"

"வெள்ளமும் இல்ல. ஒத்திகை. வீட்டுக்கு வந்து சொன்னேனே."

"சொன்னே. ஆனா உறுமி கேட்டுச்சே."

அதற்குள் ராதாகிருஷ்ணன் மனைவிக்கு அருள் வந்துவிட்டது. தலைவர் ஒரு கையில் வெள்ளப் பையையும் இன்னொரு கையில் மனைவியையும் பிடித்துக்கொண்டு, யாரிடம் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். விஜயன் குழுவுக்கோ ஏக உற்சாகம். அருள் வந்த பிறகு மேளத்தை நிறுத்தக் கூடாதாம்.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு எங்கள் முட்டுச்சந்தின் முனைவரை வந்திருந்த கமலநாதன் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டதே என்று ஒரு கணம் எனக்கு மனசு குளிர்ந்தது. அடுத்த கணம் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாடிக்கு ஒருத்தரும் வரல, மாதவி. ஏஜென்ட்ட வரச் சொல்லிடறேன்."

மறுநாள் காலை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ரோட்டில் கிடந்த தேங்காய்ச் சில்லைக் கூட்டினேன். கூட்டவில்லை, திட்டிக்கொண்டே அடித்தேன். ஒவ்வொரு வாசலிலும் சில்லு. இந்த வீட்டில் சில்லு, அந்த வீட்டில் மஞ்சள் தண்ணீர், லிம் அங்கிள் வாசலில் ஊதுபத்திச் சாம்பல். பாதி ரோடு போனதும் என் கை நின்றுவிட்டது.

எல்லாரும் வெளியே வந்திருக்கிறார்கள். ஒரு வீடு பாக்கியில்லை. நடக்க முடியாதவரைக்கூட வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான்தான் மடைச்சி மாதிரி ஆளில்லாத பள்ளி வாசலில் போய் நின்றிருக்கிறேன்.

விளக்குமாற்றோடு விஜயன் வீட்டுக்கு ஓடினேன். அவன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"விஜயா, ரதம் மாதிரியே போவோம். ஒவ்வொரு வாசல்லயும் நிக்கணும். ஆள் வெளிய வர்ற வரைக்கும் அடிக்கணும். நடக்க முடியாதவங்க இருந்தா ரெண்டு பேர் உள்ள போயி தூக்கிட்டு வரணும். வந்தவங்க எல்லாம் பின்னாடியே நடக்கட்டும். ஊர்வலம் நேரா பள்ளி மாடில போய் முடியட்டும்."

அவன் குழாயை மூடினான். "ஒரு வீட்ட விட்டா சண்டைக்கு வருவாங்கக்கா."

"அதான் வேணும். வரட்டும்."

அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் கமலநாதனிடம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரதம் நம்ம சந்துக்குள்ள வருமா?"

எனக்குச் சுருக்கென்றது. வராது. எங்கள் சந்தில் மூன்று வீடு. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் வெள்ளத்துக்குப் பிறகு பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே வந்தால் ரதம் திரும்ப இடமில்லை. அதனால் வருஷா வருஷம் அது முனையில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நேரே போய்விடும், நாங்கள்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு முனைக்கு நடப்போம். இந்தத் தாமானின் கால்களுக்கு எங்கள் சந்துக்குள் திரும்பும் பழக்கமே இல்லை. போன வெள்ளத்தில் ஏன் யாரும் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

விஜயனிடம் போய்ச் சொன்னேன். "ரதத்துக்குத்தானே திரும்ப இடம் வேணும். உறுமிக்கு ரிவர்ஸ் கியரே தேவையில்லக்கா, கண்டிப்பா வரோம்," என்றான். அதையும் கொண்டுவந்து இவரிடம் ஒப்பித்தேன். "பார்ப்போம்," என்றார். ஆனால் ஏஜென்ட்டை அடுத்த ஒத்திகைவரை தள்ளிப் போட்டார். எனக்கு அதுவே பெரிசு. அந்த வாரமே புது முறையை வீடு வீடாகப் போய்ச் சொல்லி முடித்தேன். இந்த முறை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "ரதம் மாதிரியா? ஓ, சரி," என்றார்கள். லிம் அங்கிள்கூட அதையேதான் சொன்னார்.

ஒத்திகைக்கு நாள் குறித்தோம். மழை அந்த நாளுக்குக் காத்திருக்கவில்லை.

அன்று காலையிலிருந்தே ஊற்றியது. கடலும் ஏறியிருந்ததால் லோங்காங்கில், அதான் சாக்கடைக் கால்வாயில், தண்ணீர் போக வழியில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், பெரிய லோங்காங் பொங்கிவிட்டது என்று ராதாகிருஷ்ணன் செய்தி போட்டார். தொழிற்சாலை வேனில் ஏறினேன். மேரு ரோட்டில் லோரிகள் சக்கரம் மூழ்க நின்றிருந்தன. வேன் அசையவில்லை. மறுபடியும் மேரு, மறுபடியும் நான் இங்கே, அவர் அங்கே. அவரை அழைத்தேன்.

"வாசல்ல நிக்கிறேன். தண்ணி கேட்டுக்குள்ள வந்துருச்சு," என்றார்.

"பை?"

"தோள்ல."

"முனைவரைக்கும் நடந்துடுங்க."

"லோங்காங் எது, ரோடு எதுன்னே தெரியல. வாக்கரை எங்க ஊனுறது?"

என்னோடு வேலை செய்யும், பக்கத்தில் இருந்த சுதர்சினியின் போனை வாங்கி விஜயனை அழைத்தேன். எடுக்கவில்லை. உறுமி அடிக்கிறவன் எந்தக் கையால் போன் எடுப்பான்? அப்போது கமலநாதன் சொன்னார், "இரு. கேக்குது."

போனை ஒலிபெருக்கியில் போட்டேன். மழை இரைச்சலுக்கு அடியில் அது வந்தது. உறுமல். வேனில் இருந்த எல்லாரும் போன் பக்கம் சாய்ந்தார்கள். மேளம் அடிக்கும், நிற்கும், மறுபடி நகர்ந்து வந்து அடிக்கும்.

"ராதாகிருஷ்ணன் வீடு," என்றார் அவர். கொஞ்சம் கழித்து, "ரொஹானா வீடு." கால்பந்து வர்ணனை கேட்பது போல நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். "லிம் வீடு. நேரமாகுது. அவரு அக்காவத் தூக்குறாங்க போல." அவர் குரலில் ஒரு அவசரம் ஏறியிருந்தது. நான் அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. "முனைக்கு வந்துட்டாங்க, மாதவி."

மேளம் அங்கே ஒரு நிமிஷம் நின்று அடித்தது. பிறகு சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்தது.

"நேராப் போறாங்க," என்றார். பேருந்து வரவில்லை என்று சொல்கிற அதே குரல்.

நான் வேனுக்குள் எழுந்து நின்று கத்தினேன். விஜயா என்று கத்தினேன், தலைவரே என்று கத்தினேன், மேரு ரோட்டில் இருந்து கத்தினால் கிள்ளானில் கேட்காது என்று எனக்கே தெரியும். சுதர்சினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். போனில் மழை மட்டும் பெய்தது.

மேளம் பட்டென்று நின்றது. யாரோ ஒரு பெண் குரல், மழையையே அதட்டுகிற மாதிரி.

"நல்லம்மா அக்கா," என்றார் கமலநாதன்.

"என்ன சொல்லுது?"

"குறுக்க நிக்குது போல. 'ஒரு வாசல் பாக்கி இருக்கு, திருப்புடா'ங்குது."

உறுமல் மறுபடி எழுந்தது. இந்தத் தடவை பெரிதாகிக்கொண்டே வந்தது. பெரிதாகி, பெரிதாகி, போன் அந்தச் சத்தம் தாங்காமல் கரகரத்தது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வரும் பல கால்களின் சத்தமும் சேர்ந்து வந்தது. வேனில் யாரோ கைதட்டினார்கள்.

"அண்ணே, மன்னிச்சிருங்க," விஜயனுக்கு மூச்சு வாங்கியது. "பழக்கத்துல கால் நேராப் போயிருச்சு."

"பெலான், பெலான், போஸ்," என்று லிம் அங்கிள் மெதுவாக நடக்கச் சொல்வது கேட்டது. கமலநாதனைத் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தது.

"மாதவி," என்றார் கமலநாதன்.

"சொல்லுங்க."

"வந்துட்டாங்க."

நான் வாய்விட்டு அழுதேன். வேனில் அத்தனை பேர் முன்னால், வெட்கமே இல்லாமல், சந்தோஷத்தில் அழுதேன்.

"பையில என்னண்ணே இவ்ளோ கனம்? குடுங்க, நான் தூக்குறேன்," என்றான் விஜயன்.

"இரு, அத மட்டும் எடுத்துக்கறேன். நம்ம வாசலுக்கு மொத தடவையா உறுமி வந்திருக்கு, சும்மாவா வர்றது?"

கேட் தூணில் மோதி ஏதோ உடையும் சத்தம் கேட்டது. மேளம் மறுபடி தொடங்கியது.

மருந்து, பாஸ்போர்ட், மாற்றுத் துணி என்று அந்தப் பையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தது நான்தான். தேங்காய் நான் வைத்ததில்லை.