படிக்கட்டை மாற்றச் சொன்னது யார்?

குரோம்பேட்டையில் ஏறியதிலிருந்து ஷாயிஸ்தா உட்காரவில்லை. சனிக்கிழமை ரயிலில் இடம் தாராளமாக இருந்தும் கதவோரம் நின்று கைப்பேசியைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தாள். மாமனார் அயூப்பிடமிருந்து ஒரே ஒரு செய்தி: ‘லேட்டுக்கு யார் காரணம்னு இன்னிக்கு ஒரு பேரு வேணும்.’

எந்தப் பேரை எதிர்பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். கூடுவாஞ்சேரியில் அவர் கட்டும் அடுக்குமாடிக்கு ஜீவானந்தம்தான் இஞ்சினியர். மேற்பார்வை ஷாயிஸ்தாவுடையது. வீடுகள் போன வருஷமே கைமாறியிருக்க வேண்டும். செலவும் போட்ட திட்டத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

கட்டடத்தின் கீழே, பூச்சு காயாத வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வீடு வாங்கியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அயூப் எழுந்தார்.

“தப்பு நடந்துபோச்சு. இஞ்சினியரை இன்னியோட நிறுத்திட்டேன். புது ஆள் வர்றாரு.”

ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையில் இருந்த ரத்தினபாய் விடவில்லை. பொத்தேரியில் வாடகை வீட்டில் மாட்டிக்கொண்டு, இங்கே கட்டும் வீட்டுக்கும் தவணை கட்டுகிறவர் அவர்.

“இன்னா சார், அவர் போய்ட்டா வேலை தானா நடந்துகினு போவுமா?”

ஷாயிஸ்தா எழுந்துவிட்டாள்.

“கட்டி முடிச்ச படிக்கட்டை இடிச்சு அந்தப் பக்கம் மாத்தச் சொன்னது யாரு?”

எல்லோரும் ஜீவானந்தத்தின் பக்கம் திரும்பினார்கள்.

“சார்தான்மா... போன்ல சொன்னாரு,” என்றார் ஜீவானந்தம் மெல்ல.

“சரி. நாள் தள்ளும், செலவு ஏறும்னு நீங்க அவர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்லம்மா. கோவப்படுவாரேன்னு...”

“அதான் வாராவாரம் என்கிட்ட ‘வேலை சரியா போகுது’ன்னு சொன்னீங்களா?”

அயூப்பின் காது மடல்கள் சிவந்துவிட்டன. நாற்காலியைத் தள்ளிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்க் காரில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டார். கார் மட்டும் நகரவில்லை. சற்று நேரத்தில் ஷாயிஸ்தாவின் கைப்பேசி அடித்தது; ஓரமாகப் போய் எடுத்தாள்.

“அத்தனை பேர் முன்னாடி என்னைக் கேட்டுட்டல்ல?”

“வீட்டுல எத்தனையோ தடவை கேட்டேன் மாமா. அப்புறம் பேசலாம்னீங்க.”

அயூப் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

“அந்த இஞ்சினியரே இருக்கட்டும். இவங்க வாடகையை இனிமே நாம கட்டுறோம்னு சொல்லு.” இணைப்பு அறுந்தது. கார் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் திரும்பியது.

அவள் வந்து சொன்னதும் கூட்டம் கொஞ்சம் தணிந்தது. ரத்தினபாய் ஜீவானந்தத்தைப் பிடித்துக்கொண்டார். “வாடகை கெடக்கட்டும். எப்போ குடி வர்றது? நெசத்தைச் சொல்லு.”

ஜீவானந்தம் ஷாயிஸ்தாவைப் பார்த்தார். அவரையே சொல்லும்படி அவள் கையைக் காட்டினாள்.

“பொங்கலுக்கு முடியாதும்மா. சித்திரை ஆயிடும்.”

“சித்திரையில சாவி வரலைன்னா பெட்டியோட உங்க வூட்டுக்கு வந்துருவேன், பார்த்துக்க!”

திங்கட்கிழமை அயூப் மறுபடி வந்தார். மருமகள் பக்கம் திரும்பாமல் இடத்தைச் சுற்றிப் பார்த்தார். வாசல் கேட் அருகே நின்று, அதைக் கிழக்கே தள்ளி வைத்தால் பார்வையாக இருக்கும் என்றார்.

ஜீவானந்தம் கையிலிருந்த நோட்டைத் திறந்தார். “மாத்தலாம் சார். ஆனா சித்திரை தாண்டிடும், செலவும் கூடும். உங்க முடிவுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா நாளைக்கே ஆரம்பிச்சிடறேன்.”

அயூப் கேட்டை ஒருமுறை பார்த்தார், மருமகளை ஒருமுறை முறைத்தார். “இங்கேயே கெடக்கட்டும்,” என்று காரில் ஏறினார்.

கேட் இருந்த இடத்திலேயே நின்றது. வீட்டிலோ அவர் அவளோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் மகன் ஜமீரிடம்தான் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் அவள் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுகிறாள். ஆனாலும் விடிந்ததும் முதல் வேலையாக, நேற்று எத்தனை தூரம் நடந்தது என்று ஜீவானந்தத்தைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறாள்.